குடகு மலையில் பத்துச் சொற்கள்

குடகு நாட்டைக் காணச் செல்லும் தமிழன்பர்களிற் பெரும்பாலோர் தலைக்காவேரியில் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, மடிக்கேரியில் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. காவிரி பிறக்கும் இடத்தைக் கண்ணாற் கண்டபின் தமிழனுக்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் அம்மலைநாட்டில் காண்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் ஒன்று உண்டு. குடகர் தம் வீட்டில் பேசும் மொழியே அது. 'கொடவ தக்கு' என்று அதனை அவர்கள் குறிப்பர். தக்கு என்றால் பேச்சு. நாம் கன்னட நாட்டிற் குடியேறி வாழ்பவர்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவே நாள்தோறும் நடமாடுகிறவர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அளந்து பார்க்க நம்மைவிட ஏற்றவர் யார் என்ற எண்ணத்தோடுதான் சங்கத்து அன்பர் அறுவர் புறப்பட்டோம்.

பெங்களூரிலிருந்து மைசூர் வழியே மடிக்கேரிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மைசூரைக் கடந்தால் ஹுன்சூர், பெரியபட்டணம். இருமருங்கும் புகையிலை வயல்கள். பைலகுப்பையில் திபெத்தியர் குடியிருப்பு. பொன்வண்ணப் புத்தர் கோயிலைப் பார்க்க அங்கே எப்போதும் கூட்டம். அதை அடுத்துக் குசால்நகர். அங்கே காவிரியைக் கடந்தால் குடகு. சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. பெருமரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், வெள்ளி ஓக் மரங்களின்மேல் படர்ந்த மிளகுக்கொடிகள், இடையிடையே ஏலம். இச்சிறு நாடு விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் தனி மாநிலமாகவே இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் மைசூரோடு இணைந்தது. மடிக்கேரியில் 1820இல் லிங்கராசேந்திரன் எடுப்பித்த ஓங்காரேசுவரர் கோயிலையும், மாலை வெயிலில் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் அரசர் திட்டையும் பார்த்துவிட்டு மறுநாள் பாகமண்டலத்திற்குச் சென்றோம். காவிரியோடு கன்னிகையும், கண்ணுக்குப் புலனாகாத சுஜ்யோதியும் கூடுமிடம் அது. அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் மேலேறினால் தலைக்காவேரி. இவற்றைப் பற்றி நம் இதழில் முன்னரும் பலர் எழுதியிருப்பராதலின் நான் விரிக்கவில்லை.

பாகமண்டலத்திற்கு அருகே காப்பித் தோட்டம் உடைய குடகுப் பெரியவர் ஒருவர் எங்களை விருந்தினராக ஏற்றார். இளமையிற் சென்னையில் கல்லூரியிற் பயின்றவராதலின் தமிழ் நன்கறிந்தவர். அவருடைய குலத்தின் 'ஐன்மனெ', அதாவது முன்னோர் வீடு, ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. குலத்தை அவர்கள் 'ஒக்க' என்கிறார்கள். சுற்றத்தாரை 'ஒக்கல்' என்று நம் பழைய நூல்கள் கூறுவதை அறிந்தவர்களுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் ஒரு சிலிர்ப்பு உண்டாகாமற் போகாது.

உணவு மேசையிலேயே எங்கள் பாடம் தொடங்கிற்று. நூல்புட்டு வந்தது, அது நம் இடியாப்பமே. அரிசி நொய்யைப் பாலும் தேங்காயும் சேர்த்து அவித்த பாபுட்டு வந்தது. கடம்புட்டு என்னும் அரிசி உருண்டை வந்தது. "எல்லாமே புட்டுத்தானா?" என்று எங்களுள் ஒருவர் நகைத்தார். நாம் எழுதும்போது பிட்டு என்கிறோம். பேசும்போது புட்டு என்கிறோம். அவ்வாறே பெட்டி நம் வாயில் பொட்டி ஆகிறது. பெண் பொண்ணு ஆகிறாள். இதழ் குவியப் பிறக்கும் பகரத்திற்கும், நா வளையப் பிறக்கும் டகர ணகரங்களுக்கும் நடுவே அகப்பட்ட இகரமும் எகரமும் உகரமாகவும் ஒகரமாகவும் திரிவது நம் பேச்சு வழக்கின் இயல்பு. குடகிலும் அதே திரிபு உண்டு. அங்கும் அவள் 'பொண்ணு'தான்.

பந்தியிற் பின்னர் வந்தது 'பந்தி' கறி. நம் பந்தியன்று, பன்றி. உண்பவர் உண்டனர், நான் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். பன்றி அங்கே பந்தி, ஒன்று அங்கே ஒந்து, மூன்று அங்கே மூந்து. நம் எழுத்து மொழியில் 'ன்ற' வரும் இடத்தில் குடகில் 'ந்த' வருகிறது. நம் பேச்சிலோ அது பன்னி, ஒண்ணு, மூணு எனக் கரைந்துவிட்டது. இவ்வாறு ஓரிடத்தில் அன்றி, வந்த இடமெல்லாம் ஒரே முறையில் மாறுவதைத்தான் மொழிநூலார் ஒலியொப்பு விதி என்பர். இரண்டு மொழிகள் உறவுடையன என்பதற்கு இத்தகைய விதியே சான்று. தற்செயலாகக் காதில் ஒன்றுபோற் படும் இரண்டு சொற்கள் சான்றாகமாட்டா.

உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்தபோது எங்கள் நண்பர் ஒருவர் பெருமிதத்தோடு சொன்னார்: "ஐயா, இது நம் தமிழ்தான். மலையேறி வந்து கொஞ்சம் சிதைந்துவிட்டது, அவ்வளவே."

பெரியவர் புன்னகைத்தார். "சென்ற மாதம் மைசூரிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் இதைக் கன்னடத்தின் கிளை என்றார்கள். அதற்கு முன் கண்ணனூரிலிருந்து வந்தவர்கள் பழைய மலையாளம் என்றார்கள். வருகிறவர் எல்லோரும் எங்கள் பேச்சைத் தம் வீட்டுக் குழந்தை என்று தூக்கி வைத்துக் கொஞ்சுகிறீர்கள். இறக்கிவிட்டால் அது தானே நடக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை."

நண்பர் பேசாதிருந்தார். எனக்கோ அப்பெரியவர் கூறியதன் நியாயம் உறைத்தது. சிதைவு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாம் செவி என்கிறோம். கன்னடர் கிவி என்பர். குடகர் கெவி என்பர். முதலிலிருந்த ககரத்தைச் சகரமாக்கியவர் நாம் என்பதே மொழிநூலார் முடிவு. குடகர் பழைய ஒலியை வைத்திருக்கின்றனர். பல் என்பதை அவர்கள் நம்மைப்போலவே பல்லு என்பர். கன்னடர் பகரத்தை ஹகரமாக்கி ஹல்லு என்பர். வாய் என்பதிலோ குடகரும் கன்னடரும் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அவ்விருவரும் வகரத்தை மாற்றிப் 'பாய்' என்பர். (நம் எழுத்தில் எழுதினால் விரித்துப் படுக்கும் பாயாகிவிடுகிறது, 'பாபு' என்பதன் முதலெழுத்தைப்போல் ஒலித்துக்கொள்க.) ஆக, மூன்று சொற்களில் மூன்று வகை. சிதைத்தவர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோரிடத்தில் எழுந்து நிற்க வேண்டியதுதான்.

குடகு மொழி அறிஞர் கண்ணுக்குத் தப்பியதன்று. கோல் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1867இலேயே அதற்கு ஒரு சிறு இலக்கணம் எழுதினார். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றோடு குடகையும் திருந்திய மொழிகளின் வரிசையில் நிறுத்தினார். எமனோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளோடு குடகு மொழியையும் கேட்டெழுதினார். பர்ரோ என்பாரும் அவரும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால் நம் சொற்களுக்கு அருகிலேயே குடகுச் சொற்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம். குடகரும் வாளாவிருக்கவில்லை. நடிகேரியண்ட சின்னப்பா அவர்கள் தம் மக்களின் பாட்டுகளையும் வழக்கங்களையும் தொகுத்து 1924இல் நூலாக்கினார். அதன் பெயர் பட்டோலெ பளமெ. பட்டும் ஓலையும் பழமையும் அப்பெயரில் இருப்பதை நம் வாசகர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

உறவு உண்டு என்பது தெளிவு. ஆனால் எவ்வளவு உறவு? கன்னடத்தோடு மிகுதியா, தமிழோடு மிகுதியா? இதனை எண்ணால் அளக்க முடியுமா?

அளக்க ஒரு வழி வகுத்தவர் மாரிஸ் சுவாதேசு என்னும் அமெரிக்க மொழிநூலார். எந்த மக்களிடத்தும் இருந்தே தீரும் பொருள்களுக்குரிய சொற்களை அவர் பட்டியலிட்டார்: கண், வாய், பல், நீர், நெருப்பு, கல், ஒன்று, இரண்டு, நான், நீ, வா, கொடு என்பன போன்றவை. 1952இல் இருநூறு சொற்களாக இருந்த பட்டியல் 1955இல் நூறாகச் சுருங்கிற்று. காப்பியும் கடிகாரமும் பிறரிடமிருந்து வரும், அவற்றோடு பெயரும் வரும். கண்ணும் பல்லும் எவரிடமிருந்தும் வரவேண்டுவதில்லை. ஆதலின் இச்சொற்கள் எளிதில் மாறா என்பது அவர் கருத்து. இரண்டு மொழிகளில் இந்த நூற்றையும் கேட்டெழுதி, எத்தனை இணைகள் ஒரே வேரினின்று வந்த இனச்சொற்கள் என்று எண்ணினால் அதுவே உறவின் அளவு.

அவர் அதனோடு நிற்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளில் இந்த நூற்றில் 86 நிலைத்து நிற்கும் என்று ஒரு கணக்கும் சொன்னார். பிரிந்த இரு மொழிகளும் தனித்தனியே அவ்வாறு இழப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவற்றிடையே ஏறக்குறைய 74 இணைகள் எஞ்ச வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாயின் 55. அந்திரோனோவ் என்னும் ரஷ்யத் தமிழறிஞர் 1964இல் இம்முறையைத் திராவிட மொழிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். ஆனால் மொழி என்ன வட்டிக் கணக்கா, ஆண்டுதோறும் ஒரே வீதத்திற் குறைவதற்கு? பெர்க்சுலாண்டும் வோக்டும் 1962இலேயே இக்கணக்கை மறுத்துவிட்டனர். ஐஸ்லாந்து மொழி ஆயிரம் ஆண்டில் மிகச் சிலவே இழந்தது. அதன் உடன்பிறப்பான நார்வே நாட்டு எழுத்து மொழி அதே காலத்தில் பலவற்றை இழந்துவிட்டது என்று அவர்கள் காட்டினர். இன்று அறிஞர் காலக்கணக்கு இடுவது வேறு வகை. வீதம் கிளைக்குக் கிளை மாறலாம் என்று கொண்டு கணிப்பொறியால் ஆயிரக்கணக்கான கிளைப்படங்களை வரைந்து ஒப்பிடுகின்றனர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருபது திராவிட மொழிகளின் சொற்களைப் பேசுவோரிடமே கேட்டெழுதி, இக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு என்று கண்டது. காலம் கிடக்கட்டும். இனச்சொற்களை எண்ணுவது மட்டும் எளிதா?

திண்ணையில் அமர்ந்தபடியே முயன்று பார்த்தோம். நூற்றுக்கு நேரமில்லை, பட்டியலிலிருந்து பத்தை எடுத்தோம். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இரண்டு என்பதற்குத் தண்டு, கண்ணுக்குக் கண்ணு, காதுக்குக் கெவி, வாய்க்குப் பாய், பல்லுக்குப் பல்லு, தலைக்கு மண்டெ, இரத்தத்திற்குச் சோரெ, தண்ணீருக்கு நீரு, மழைக்கு மளெ, பெயருக்குப் பெத. தண்டு என்பதன் முதலெழுத்தையும் பெத என்பதன் தகரத்தையும் 'பந்து' என்பதிலுள்ள தகரம்போல் மென்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணு, பல்லு, நீரு ஆகியவற்றின் ஈற்றில் நிற்பது முழு உகரமன்று. நம் பேச்சிற் கேட்கும் குறுகிய உகரமே.

முதலில் எங்களுள் மொழிநூல் எதுவும் அறியாத இளைஞர் ஒருவரைக் காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னோம். கண், பல், மழை மூன்றையுமே தமிழ் என்று ஒப்பினார். பத்துக்கு மூன்று.

அடுத்து இனச்சொல் விதிப்படி எண்ணினோம். தண்டு என்பது இரண்டின் முதலுயிர் நீங்கிய வடிவம். நாம் ரெண்டு என்பதற்கு அடுத்த படி. பெத என்பது பெயர் என்பதோடு ஒரே வேரினது; கன்னடத்தின் ஹெசருவும் அதுவே. வாயைப் பற்றி முன்னரே சொன்னேன். எனவே இரண்டு, கண், வாய், பல், மழை, பெயர் என ஆறு. காதுக்கும் கெவிக்கும் உறவில்லை. தலைக்கும் மண்டைக்கும், இரத்தத்திற்கும் சோரைக்கும் இல்லை. தண்ணீர் என்பதிற் பாதி நீர். அதனைச் சேர்த்தால் ஏழு, விட்டால் ஆறு.

அப்போதுதான் முதலில் வாயடைத்திருந்த நண்பர் மீண்டும் எழுந்தார். "காது என்று ஏன் எழுதினீர்? செவி தமிழில்லையா? சோரி என்று குருதிக்கு ஒரு சொல் நம் நிகண்டுகளில் இல்லையா? மண்டை என்று நாம் சொல்வதில்லையா?" அவர் கேட்டது முற்றும் உண்மை. செவி, சோரி, நீர் ஆகியவற்றை ஏற்றால் ஒன்பது. மண்டையையும் ஏற்றால் பத்துக்குப் பத்து. அதே பத்துச் சொற்கள், அதே திண்ணை. மூன்றில் தொடங்கிய எண் பத்தில் வந்து நின்றது.

பெரியவர் கன்னடத்தையும் விடவில்லை. எரடு, கண்ணு, கிவி, பாயி, ஹல்லு, நீரு, மளெ, ஹெசரு, எட்டு இணைகின்றன. தலெயும் ரக்தமும் மட்டும் இணையா. பேச்சுத் தமிழை நிறுத்தினால் கன்னடம் முந்துகிறது. செய்யுள் தமிழை நிறுத்தினால் தமிழ் முந்துகிறது. "நீங்கள் எந்தத் தமிழை அழைத்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்து என் மொழி இடம் பெயருமா?" என்று பெரியவர் கேட்டார். பத்துச் சொல் போதாது, நூறு வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, நூறானாலும் இக்கேள்வி நிற்கும். நமக்கு எழுத்து வழக்கும் பேச்சு வழக்குமாக இரண்டு களஞ்சியங்கள். குடகர்க்கு அந்த வசதி இல்லை. நாம் களஞ்சியம் முழுவதையும் துழாவிப் பார்த்து, அவர்களிடம் நாவில் முதலில் வந்த சொல்லை மட்டும் கேட்டால் அது நேர்மையான அளவையன்று. முதலில் நாவுக்கு வருவது எதுவோ அதையே இருபுறமும் எழுத வேண்டும் என்பது களத்தில் உழைப்போர் கைக்கொள்ளும் விதி. அதன்படி எங்கள் எண் ஆறோ ஏழோதான். தமிழ்ப்பற்று மிக்க நண்பருக்கு அது உவப்பாக இல்லை. எனக்கு அது போதுமானதாகவே தோன்றிற்று.

மேலும், எண்ணிக்கையிற் கன்னடம் முந்தியதால் குடகு மொழி கன்னடத்தின் கிளை ஆகிவிடாது. பொதுவாகப் பழஞ்சொற்களை வைத்திருப்பது உறவைக் காட்டும். எந்தக் கிளையில் உறவு என்பதைக் காட்டாது. இருவர் தம் பாட்டனின் பழைய கைத்தடியை வைத்திருந்தால் ஒரே குடும்பத்தார் என்று அறியலாம். ஒரே தந்தையின் மக்கள் என்று சொல்லலாகுமா? அதற்கு இருவரும் சேர்ந்து புதிதாகச் செய்துகொண்ட மாற்றங்களைப் பார்க்க வேண்டும். அவ்வகையில் ஆய்ந்த அறிஞர் குடகு மொழியைக் கன்னடத்தினின்று பிரித்துத் தமிழும் மலையாளமும் நிற்கும் பக்கத்தில், ஆனால் தனிக் கிளையாக வைக்கின்றனர்.

எழுத்தெழுத்தாக அளக்கும் முறையும் ஒன்றுண்டு. லெவன்ஷ்டைன் என்னும் ரஷ்யக் கணித அறிஞர் 1965இல் குறியீட்டுச் செய்திகளின் பிழையை ஆராய வகுத்த முறை அது. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை ஒலிகளை மாற்ற, நீக்க, சேர்க்க வேண்டும் என்று எண்ணுவதே அதன் சாரம். பல்லு என்பதை ஹல்லு ஆக்க ஐந்து ஒலிகளில் ஒன்றை மாற்றினாற் போதும். ஆனால் நம் பேரு என்பதைப் பெத ஆக்க நான்கில் மூன்றை மாற்ற வேண்டும். ஹெசருவை மாற்றினால் ஆறில் நான்கு. உடன்பிறந்த மூன்று சொற்கள் இப்படித் தொலைவாகத் தோன்றுகின்றன. காது கேட்பது இதையேயாதலால், ஒருவர் பேச்சு மற்றவர்க்கு எவ்வளவு விளங்கும் என்று ஊகிக்க இம்முறை உதவும். பிறப்பை அறிய உதவாது. பிறப்பும் விளக்கமும் வேறு வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

விளக்கத்தை நேராகவே சோதிக்கலாம். அமெரிக்கப் பழங்குடிகளிடையே 1950களின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் அவ்வாறு செய்தனர். ஓர் ஊரார் சொன்ன கதையை ஒலிப்பதிவு செய்து அடுத்த ஊரார்க்குப் போட்டுக் காட்டி, எவ்வளவு புரிந்தது என்று கேட்டனர். பட்டியலில் நூற்றுக்கு அறுபதுக்கும் கீழே இணையுமானால் அவை வேறு மொழிகளே, அறுபதுக்கு மேலானால் இவ்வாறு கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று களப்பணியாளரிடையே ஒரு வழக்கும் உண்டு. இச்சோதனையின் வேடிக்கை, அது இருபுறமும் ஒன்றாக வராது என்பது. பள்ளியிற் கன்னடம் பயின்ற குடகர்க்குக் கன்னடக் கதை முழுதும் விளங்கும். குடகுக் கதையைக் கேட்கும் கன்னடரோ திகைப்பார். சொற்பட்டியல் கூறும் எண் எப்பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றே.

விளங்கியது என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. பெரியவர் சென்னையிற் பயின்ற நாளில் ஒருமுறை விடுதித் தோழர்களிடம், "எங்கள் பாட்டனார் நரியைக் கொன்றவர், ஊரார் அவரை மாப்பிள்ளைக் கோலத்தில் உட்காரவைத்துக் கொண்டாடினார்கள்" என்று சொன்னாராம். தோழர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனராம். நரியைக் கொன்றதற்கா இத்தனை சிறப்பு? குடகு மொழியில் நரி என்றால் புலி! புலியைக் கொன்றவனுக்குச் செய்யும் அச்சிறப்பின் பெயர் 'நரி மங்கல'. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் அவ்வேட்டைக்கு இடமில்லை. சொல் மட்டும் இருக்கிறது. வட மலையாளத்திலும் நரி என்று புலியைச் சொல்வதுண்டு. நம் காதுக்கு நூற்றுக்கு நூறு ஒத்த சொல். பொருளோ அடியோடு வேறு. நல்லவேளையாகச் சுவாதேசின் பட்டியலில் புலியும் இல்லை, நரியும் இல்லை.

அன்று மாலை நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பெரியவரின் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள், பத்து வயது, பெங்களூரிற் பள்ளி. பாட்டனார் குடகு மொழியிற் பேசினால் அவள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ விடை சொல்வாள். நம் வீடுகளில் நாம் காணாத காட்சியன்று. எங்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னையும் கேளுங்கள்" என்றாள். கேட்டோம். கண்ணு, கெவி, பாய், பல்லு, நீரு, மளெ, பெத எல்லாம் சரியாகச் சொன்னாள். இரண்டு என்றதற்கு 'எரடு' என்றாள், தலைக்குத் 'தலெ', இரத்தத்திற்கு 'ரக்த'.

"பத்துக்கு ஏழு" என்றார் எங்கள் இளைஞர்.

"இல்லை, உங்கள் விதிப்படி எட்டு" என்றார் பெரியவர். எரடும் தண்டும் இனச்சொற்களாயிற்றே! விதி அதனை இழப்பு என்று காட்டாது. நெருங்கிய மொழிகளை அளக்கும்போது வரும் பெருந்தொல்லை இதுவே. ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல் வந்து புகுந்தால் உடனே கண்டுகொள்ளலாம். உடன்பிறந்த மொழியிலிருந்து வந்து புகுந்தால், அது கடன் வாங்கியதா, வழிவழி வந்ததா என்று பட்டியல் பார்த்துச் சொல்ல இயலாது. தண்டு போய் எரடு வந்து அமர்ந்துவிட்டது. ஏட்டில் கணக்கு மாறவில்லை. தலெயையும் முழுதும் அயல் என்று தள்ள எனக்குத் துணிவில்லை. தலைக்காவேரி என்னும் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அவ்வீட்டில் வழங்கிய சொல் மண்டெ. பெரியவர் பேத்தியை அருகிலழைத்து, "தண்டு" என்றார். அவள் "தண்டு" என்று திருப்பிச் சொன்னாள். "சோரெ" என்றார். அவள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அச்சொல்லை அவள் முன்பு கேட்டதே இல்லையாம்.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் குடகு மொழியைத் தாய்மொழியாகக் குறித்தவர் 1,66,187 பேர். 2011இல் 1,13,857 பேர். பத்தாண்டில் ஐம்பதினாயிரம் பேர் மறைந்துவிடவில்லை. எவ்வாறு கேட்டனர், எதனை எழுதினர் என்பதிலும் வேறுபாடு இருந்திருக்கலாம். ஆயினும் எண் இறங்குமுகமாக இருப்பது பெரியவர்க்குத் தெரியும். யுனெஸ்கோ 2010இல் வெளியிட்ட அருகிவரும் மொழிகளின் ஏட்டிலும் குடகு இடம்பெற்றிருக்கிறது. 1994இல் தொடங்கிய கொடவ சாகித்திய அகாதெமி மடிக்கேரியிலிருந்து நூல்கள் வெளியிட்டு வருகிறது. "புத்தகம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பேச வேண்டுமே" என்றார் அவர். எங்கள் அறுவரில் நால்வர் அன்றிரவு ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. நால்வர்க்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு.

குடகுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மழை விட்டபின் செல்வது நலம். காவிரியிற் புதுநீர் பொங்கும் துலா சங்கிராந்தி அக்டோபர் நடுவில் வருகிறது; அன்று தலைக்காவேரியிற் கூட்டம் தாங்காது. புத்தரி என்னும் புது நெல் விழா அதன்பின் ஓரிரு மாதங்களில் வரும். மொழி கேட்க அதுவே தக்க காலம். ஐன்மனெக்கு எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள்.

நம் சங்க உறுப்பினர்களுள் சங்கேதி பேசுவோர், ஹெப்பார் ஐயங்கார் தமிழ் பேசுவோர், பாலக்காட்டுத் தமிழர், நாஞ்சில் நாட்டார், கொங்கு நாட்டார் எனப் பலர் உளர். மேலே கண்ட பத்துச் சொற்களுக்குத் தத்தம் வீட்டில் வழங்குவதை எழுதிச் சங்க அலுவலகத்திற்கு அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிட ஆசிரியர் இசைந்துள்ளார். வீட்டில் மூத்தவர் சொல்வதை ஒரு பத்தியிலும், பள்ளி செல்லும் சிறுவர் சொல்வதை மற்றொரு பத்தியிலும் எழுதுக. நாவில் முதலில் வருவதையே எழுதுக. பாடப் புத்தகத் தமிழாக யாரும் திருத்த வேண்டா.